"நான் நானா இருக்கேன்", "வேற லெவல்": பேச்சு நிகழ்ச்சியிலிருந்து தேய்ந்த டிவி வசனங்களை எடுப்பது எப்படி?

ஒலிவாங்கி கேட்டது:

எங்கள் யூடியூப் சேனலில் வாரம் ஒரு பேச்சு நிகழ்ச்சி போகிறது. 45 நிமிடம். ஒரு தொகுப்பாளர், எதிரெதிர்த் தரப்பில் இருவர், முன்னால் இருபது பார்வையாளர்கள். கல்யாணச் செலவு, வாடகை முன்பணம், பிள்ளைகளின் டியூஷன் என்று வீட்டு விஷயங்கள்தான் தலைப்பு. ஸ்கிரிப்ட், ஆங்கர் லிங்க் (தொகுப்பாளர் பேசும் இணைப்பு வரிகள்) எல்லாம் நான் எழுதுகிறேன்.

வந்து உட்காருபவர் யாராக இருந்தாலும் பத்தாவது நிமிடத்தில் பேச்சு பிக் பாஸ் வீட்டுக்குள் போய்விடுகிறது. "நான் நானா இருக்கேன்", "அவங்க சேஃப் கேம் ஆடுறாங்க", "முகமூடி கழண்டுருச்சு", "மக்கள் பார்த்துக்கிட்டுதான் இருக்காங்க". தொகுப்பாளருக்கோ எது பிடித்தாலும் "வேற லெவல்", "சான்ஸே இல்ல". வீட்டு உரிமையாளரும் குடியிருப்பவரும் பேசுவதைக் கண்ணை மூடிக் கேட்டால், தலைப்பு வாடகை முன்பணம் என்று யாராலும் சொல்ல முடியாது.

மூன்று விஷயம் தெரிய வேண்டும். இது ஏன் எல்லார் வாயிலும் ஒரே மாதிரி வருகிறது? படப்பிடிப்புக்கு முன்பே தடுக்க முடியுமா, எடிட்டில்தான் எடுக்க முடியுமா? தொகுப்பாளருக்கு என்று ஒரு முத்திரை வசனம் வேண்டும் என்று சேனலில் கேட்கிறார்கள், அது தேவைதானா?

கட்டிங்டேபிள் எழுதியது:

டிவி பார்த்துப் பழகிய பழக்கம் என்பது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி நாம் கேள்வி கேட்கிற விதத்தில் இருக்கிறது. "இதெல்லாம் சொல்லாதீங்க" என்று பட்டியல் நீட்டினால் வேலைக்கு ஆகாது. ஒவ்வொரு வசனமும் அந்த இடத்தில் ஏதோ ஒரு வேலையைச் செய்கிறது. அந்த வேலையை வேறொன்றிடம் ஒப்படைத்தால்தான் வசனம் கிளம்பும்.

பிக் பாஸ் நாமினேஷனையே, அதாவது யார் வெளியேறலாம் என்று பெயர் சொல்லும் சுற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். போட்டியாளர் கேமரா முன்னால் இரண்டு பேரின் பெயரையும் அதற்கான காரணத்தையும் சொல்ல வேண்டும். உண்மையான காரணம் "அவர் ஜெயித்துவிடுவார் என்று பயம்" என்பதாக இருக்கலாம், அதைச் சொல்ல முடியாது. பெயர் சொல்லப்பட்டவரோடு அன்று ராத்திரி ஒரே மேசையில் சாப்பிடவும் வேண்டும். அதனால் யாரையும் குத்தாத, யாராலும் மறுக்க முடியாத ஒரு காரணம் தேவைப்படுகிறது. "மிங்கிள் ஆகலை", "ஈடுபாடு கம்மியா தெரியுது" இரண்டும் அப்படிப் பிறந்தவை. 2017-ல் விஜய் டிவியில் கமல் ஹாசன் தொகுக்க முதல் சீசன் தொடங்கியதிலிருந்து ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், காரணங்கள் மாறவில்லை. விதி அப்படியே இருக்கும்போது வசனமும் அப்படியேதான் இருக்கும்.

இது தமிழுக்கு மட்டும் வந்த நோய் இல்லை. பிக் பாஸின் மூலமான பிக் பிரதர் 1999-ல் நெதர்லாந்தில் தொடங்கியது. அங்கிருந்து வடிவம் போன ஊர்கள் பலவற்றில் அந்தந்த மொழியில் இதே தற்காப்புப் பேச்சு முளைத்தது. 2008-ல் ரிச் ஜுஸ்வியாக் என்ற அமெரிக்க எழுத்தாளர் ஒரு காணொளி போட்டார். பல ரியாலிட்டி நிகழ்ச்சிகளில் போட்டியாளர்கள் "நான் இங்கே நட்பு பிடிக்க வரவில்லை" என்று சொல்லும் துண்டுகளை மட்டும் வெட்டி வரிசையாக ஒட்டியிருந்தார். வேறு வேறு நிகழ்ச்சி, வேறு வேறு ஆள், ஆனால் வசனம் ஒன்றே. பாடத் திட்டத்தில் வைக்க வேண்டிய காணொளி அது.

உங்கள் நிகழ்ச்சிக்கு நேரடியாகப் பொருந்துவது பைட் (தனியாகப் பதிவுசெய்யும் சிறு பேச்சு) எடுக்கும் முறை. மேடைக்கு வருமுன் தனியாக உட்காரவைத்து விருந்தினரிடம் இரண்டு நிமிடம் பேச்சு வாங்குவீர்கள்தானே? கேட்பவர் குரலை எடிட்டில் வெட்டப்போகிறோம் என்பதால் "கேள்வியையும் சேர்த்துப் பதில் சொல்லுங்க" என்று சொல்வது வழக்கம். இங்கேதான் வினை. "நீங்க ஏமாத்தப்பட்டதா ஃபீல் பண்ணீங்களா?" என்று கேட்டால் "ஆமா, நான் ஏமாத்தப்பட்டதா ஃபீல் பண்ணேன்" என்று வரும். வார்த்தை உங்களுடையது, வாய் மட்டும் அவருடையது. ஆளுக்கு ஆள் ஒரே மாதிரி கேட்கிறது என்று பிறகு வருத்தப்படுகிறோம்.

மாற்று இதுதான். உணர்ச்சிப் பெயரைக் கேள்வியில் வைக்கவே வைக்காதீர்கள். "முன்பணம் எவ்வளவு கொடுத்தீங்க? எந்தத் தேதியில திருப்பிக் கேட்டீங்க? அவர் சொன்ன முதல் வார்த்தை என்ன? அப்ப பக்கத்துல யார் இருந்தாங்க?" தொகை, தேதி, நேரில் சொன்ன சொல், இடம் என்ற இந்த நான்கில் குறைந்தது இரண்டு உங்கள் கேள்விகளில் இருக்கட்டும். "பெயின்டிங்குக்குப் பதினஞ்சாயிரம் பிடிச்சுக்கிட்டார், சுவத்துல ஆணி அடிச்ச ஓட்டை மூணுதான் இருந்துச்சு" என்று ஒருவர் சொல்லிவிட்டால் "முகமூடி" என்ற சொல்லுக்கு அங்கே இடமே இல்லை. கோபம் அந்த மூன்று ஓட்டையிலேயே வந்துவிட்டது.

சங்கதி எழுதியது:

பாராட்டுச் சொல்லைப் பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா டிவி பாட்டுப் போட்டி நடுவர்கள்கிட்ட அது ரொம்பப் புழங்குது. "சான்ஸே இல்ல", "கூஸ்பம்ப்ஸ்", "பின்னிட்டீங்க", "மேஜிக்" எல்லாம் அங்க புழங்குற சில்லறைதான். நடுவருக்கு ஒரு நிமிஷம் கூடக் கிடைக்காது, எதிர்ல அழுகை முட்டிக்கிட்டு ஒரு பிள்ளை நிக்குது, கீழ அப்பா அம்மா உக்காந்திருக்காங்க. அந்த அவசரத்துல வாய்க்கு முதல்ல வர்றது இதுதான்.

நல்ல நடுவர் செய்யறது இடத்தைச் சுட்டறது. மூணு வாக்கியம் போதும். முதல்ல எந்த இடம், அடுத்து அங்க என்ன நடந்துச்சு, கடைசியா அதனால கேக்கிறவங்களுக்கு என்ன ஆச்சு. "சரணத்துல ரெண்டாவது வரி மேல் ஷட்ஜத்துல, அதாவது மேல் ஸ-வுல நிக்கும். அங்க முன்கூட்டியே மூச்சு எடுத்து வச்சுக்கிட்டதால ஆகாரம் ('ஆ'ன்னு நீட்டுற குரல்) நடுங்காம நின்னுச்சு. அதனாலதான் பின்னால வந்த தபேலா நடை தெளிவாக் கேட்டுச்சு." இதைச் சொல்ல இருபது செகண்டு ஆகாது. பாடுன பிள்ளைக்கு அடுத்த சுற்றுக்கு எதைக் காப்பாத்திக்கணும்னும் தெரிஞ்சிடும்.

உங்க தொகுப்பாளருக்கும் இதே கணக்குதான். பார்வையாளர் ஒருத்தர் நல்ல பாயிண்ட் சொன்னா "வேற லெவல்"னு கைதட்ட வைக்காம, "நீங்க மின்கட்டணத்தையும் வாடகைக் கணக்குல சேர்த்தீங்க, இதுவரைக்கும் யாரும் சேர்க்கலை"ன்னு சொல்லச் சொல்லுங்க. எதிர்த் தரப்பு உடனே அதுக்குப் பதில் சொல்லியாகணும், விவாதமும் நகரும். "வேற லெவல்"னு சொன்னா அந்தப் பாயிண்ட் அங்கேயே செத்துப்போகுது. எனக்கு இந்த வார்த்தை மேல இருக்கிற வருத்தம் அதுதான். பழசாப் போச்சுங்கிறது கூடப் பரவாயில்லை, உழைச்சு ஒருத்தர் சொன்னதைக் காதுல வாங்காமலே பாராட்டிட்டுப் போக அது வழி பண்ணிக்கொடுக்குது.

விதிப்புத்தகம் எழுதியது:

முத்திரை வசனம் பற்றிய மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்.

நிலைத்து நின்ற முத்திரை வசனங்களைப் பாருங்கள், பெரும்பாலும் அதற்குள் ஆட்டத்தின் விதி ஒன்று இருக்கும். பிரிட்டனில் 1998-ல் தொடங்கிய கோடீஸ்வரன் வடிவ நிகழ்ச்சியில் கிறிஸ் டாரன்ட் கேட்ட "இதுதான் உங்கள் இறுதி விடையா?" என்ற கேள்வி அழகுக்காக வைத்ததல்ல. போட்டியாளர் உரக்க யோசிக்கலாம், மனம் மாறலாம். ஆனால் இறுதி விடை என்று உறுதி சொல்லிவிட்டால் மாற்ற முடியாது. பெரிய பணம் கைமாறும் இடத்தில் பின்னால் தகராறு வராமல் பூட்டுகிற சாவி அது. 2000-ல் இந்தியில் அமிதாப் பச்சன், அதே காலத்தில் சன் டிவி கோடீஸ்வரனில் சரத்குமார் என்று வடிவம் இங்கே வந்தபோது அந்தப் பூட்டும் கூடவே வந்தது. அமெரிக்க சர்வைவரில் 2000 முதல் தொகுப்பாளர் ஜெஃப் ப்ரோப்ஸ்ட் வெளியேறுபவரின் தீப்பந்தத்தை அணைக்கும்போது சொல்லும் "குழு பேசிவிட்டது" என்பதும் அப்படித்தான். வாக்கெடுப்பு முடிந்தது, இனி முறையீடு கிடையாது என்று பொருள். இவை எத்தனை தடவை சொன்னாலும் அந்த மேடையில் தேய்வதில்லை, ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று உண்மையிலேயே முடிவாகிறது. அதே வரியை வளைகாப்பு மேடையில் ஒருவர் எடுத்து "இதுதான் ஃபைனல் ஆன்ஸரா?" என்றால் பூட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. தேய்மானம் அங்கேதான் தொடங்குகிறது.

இன்னொரு வகை, ஒரு சம்பவத்தோடு ஒட்டிப் பிறந்தது. 2004 செப்டம்பர் 13 அன்று அமெரிக்கத் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரே தன் பகல்நேர நிகழ்ச்சியில் அரங்கத்தில் இருந்த 276 பேருக்கும் ஆளுக்கொரு போன்டியாக் ஜி6 கார் கொடுத்தார். ஆளாளுக்கு ஒரு பெட்டி. ஒரே ஒரு பெட்டியில்தான் சாவி இருக்கிறது என்று சொல்லித் திறக்கச் சொன்னார். எல்லாப் பெட்டியிலும் சாவி. அப்போது ஒவ்வொருவரையும் கைகாட்டி "உனக்கு ஒரு கார்" என்று கத்தியது ஆனந்தத்தில் பிறந்த பேச்சு. பிறகு அது எதற்கெல்லாம் ஒட்டப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். சம்பவத்தை விட்டுவிட்டுச் சத்தத்தை மட்டும் எடுத்துப்போனார்கள். அந்தக் காருக்கு வருமான வரி கட்ட வேண்டியிருந்த தலைவலியையும் அந்த வசனம் நினைவில் வைத்திருக்கவில்லை.

மூன்றாவது வகைதான் நம் ஊரில் ரொம்பக் கவனிக்க வேண்டியது: கேலி வழியாகப் பரவியது. "என்னம்மா இப்படிப் பண்றீங்களேம்மா" ஜீ தமிழின் சொல்வதெல்லாம் உண்மை நிகழ்ச்சியில் லட்சுமி ராமகிருஷ்ணன் பேசிய பாணியிலிருந்து வந்தது. ஆனால் ஊர் முழுக்கப் பரப்பியது அந்த நிகழ்ச்சி அல்ல. விஜய் டிவியின் நகைச்சுவை நிகழ்ச்சியான 'அது இது எது'வில் நடிகர் ராமர் அதைப் போட்டு நடித்தார். 2016 பொங்கலுக்கு வந்த ரஜினி முருகன் படத்தில் அது ஒரு பாட்டாகவே ஆனது. அந்தப் பாணியைக் கேலியாக்கியதைப் பற்றி லட்சுமி ராமகிருஷ்ணன் பொதுவெளியில் தன் வருத்தத்தைச் சொன்னவர். மூல நிகழ்ச்சியில் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் நிஜக் குடும்பச் சண்டையோடு வந்தவர்கள் என்பதை நான் மறக்க மாட்டேன். உங்கள் மேடையிலும் நிஜ மனிதர்கள்தான் உட்காருகிறார்கள். அவர்களிடம் அந்த வரியைச் சொல்லிச் சிரிப்பு வாங்குவது, அவர்கள் சொன்ன பிரச்சினையைக் காட்சிப்பொருள் ஆக்குவது. இது ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தடை செய்யுங்கள்.

ஆகவே சேனலுக்குச் சொல்லுங்கள்: முத்திரை வசனம் வேண்டுமென்றால் முதலில் ஒரு விதி வையுங்கள். உதாரணமாக, ஒவ்வொரு தரப்பும் கடைசியில் எதிர்த் தரப்பு சொன்னதில் ஒன்றை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். அதைக் கேட்கத் தொகுப்பாளர் ஒவ்வொரு வாரமும் ஒரே வாக்கியத்தைச் சொல்லட்டும். "அவங்க சொன்னதுல எதை ஏத்துக்கிறீங்க?" ஆறேழு சொல்லுக்குள், மூச்சு விடாமல் சொல்ல முடிகிற அளவு இருந்தால் போதும். விதி இல்லாமல் வசனத்தை மட்டும் எழுதி வைத்தால் நாலு வாரத்தில் புளித்துவிடும்.

ஒலிவாங்கி எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஒப்புக்கொள்ளும் விதி எனக்குப் பிடித்திருக்கிறது, சேனலில் பேசுகிறேன். ஏற்கெனவே எடுத்துவைத்த ஆறு எபிசோடு இருக்கிறது. அவற்றில் எடிட்டில் என்ன செய்யலாம்? தொகுப்பாளர் "ஸோ, ஒரு சின்ன பிரேக், எங்கேயும் போயிடாதீங்க" என்று அடிக்கடி இழுக்கிறாரே, யூடியூபில் பிரேக்கே இல்லை.

கட்டிங்டேபிள் எழுதியது:

முதலில் எண்ணிப் பாருங்கள். எபிசோடின் ஆடியோவைக் குரல்வழித் தட்டச்சில் ஓடவிட்டு உரையாக எடுங்கள். கலப்புப் பேச்சில் அது நிறையத் தப்பு விடும், அதனால் "ஃபீல்", "பீல்" என இரண்டு எழுத்துக்கூட்டலிலும், ஆங்கில எழுத்திலும் தேட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நேரம், சொன்னவர், அதற்கு முந்தைய கேள்வி மூன்றையும் குறியுங்கள். இந்த முந்தைய கேள்விதான் முக்கியம். ஒரே கேள்விக்குப் பின்னால் வசனம் திரும்பத் திரும்ப வந்தால் கோளாறு கேள்வியில். எங்கெங்கோ சிதறி வந்தால் அது ஆளின் பழக்கம். ஒரு எபிசோடில் ஒரே வசனம் இரண்டு முறைக்குள் இருந்தால் கை வைக்க வேண்டாம், மனிதர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

வெட்டும்போது தமிழில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. வினை கடைசியில் வருகிறது, அதற்கு முன்னால் "ன்னு" ஒட்டிக்கொண்டிருக்கிறது. "அது தப்புன்னு நான் ஃபீல் பண்றேன்" என்பதில் பின்பாதியை வெட்டினால் "அது தப்புன்னு" என்று அந்தரத்தில் தொங்கும், கேட்பவர் அடுத்த சொல்லுக்குக் காத்திருப்பார். "தப்பு" என்பதிலேயே நிறுத்தப் பார்த்தால் "ன்" ஒலியின் வால் உள்ளே வந்துவிடும். அந்த வாக்கியத்தை விட்டுவிடுங்கள். வாக்கியத்தின் தலையில் வருவதை எடுப்பது சுலபம்: "உண்மையா சொல்லணும்னா", "பாத்தீங்கன்னா", "நான் நானா இருக்கேன், அதனால". இவற்றுக்குப் பிறகு பெரும்பாலும் ஒரு சின்ன மூச்சு இருக்கும். மூச்சுக்கு முன்னால் வெட்டுங்கள், மூச்சு உள்ளேயே இருக்கட்டும். மூச்சையும் வெட்டினால் ஆள் திடீரென்று முளைத்த மாதிரி கேட்கும்.

செகண்டுக்கு 25 ஃபிரேமில் எடுத்திருந்தால் ஒரு ஃபிரேம் 40 மில்லி செகண்டு. ஆடியோவில் இரண்டு அல்லது மூன்று ஃபிரேம் கிராஸ்ஃபேடு (ஒரு ஒலி மங்க அடுத்தது எழுவது) போதும். அடியில் அரங்கின் வெற்று ஒலி ஓட வேண்டும், ஏசி இரைச்சல் வெட்டிய இடத்தில் படீரென்று மாறினால் காது பிடித்துவிடும். இனிமேல் எடுக்கும்போது எல்லாரையும் அமைதியாக உட்காரவைத்து 30 செகண்டு வெறும் ஒலியைப் பதிவுசெய்துகொள்ளுங்கள். பழைய எபிசோடில் அது இல்லையென்றால் ஸ்லேட் (கிளாப் பலகை) அடித்ததற்கும் முதல் சொல்லுக்கும் நடுவில் தேடுங்கள், ஒன்றிரண்டு செகண்டு கிடைக்கும். படத்தில் தாவல் தெரிந்தால் கேட்டுக்கொண்டிருப்பவரின் முகத்தைக் காட்டும் கட் அவே (இடைக்காட்சி) போட்டு மூடலாம். ஆனால் அதே நேரத்தில் எடுத்த முகமாக இருக்க வேண்டும். வேறு இடத்தில் முறைத்ததை இங்கே கொண்டுவந்து வைத்தால் அவர் செய்யாததைச் செய்ததாகக் காட்டுகிறோம்.

அதே காரணத்துக்காக, இரண்டு வாக்கியத்தின் துண்டுகளை ஒட்டி மூன்றாவது வாக்கியம் செய்யாதீர்கள். ரியாலிட்டி எடிட்டர்கள் அதை ஃபிராங்கன்பைட் என்பார்கள். வசனம் குறையும், நம்பிக்கையும் சேர்ந்து போய்விடும்.

மேடைக்குரல் எழுதியது:

பிரேக் வசனத்துக்கு நான் பதில் சொல்கிறேன். தொகுப்பாளர் அதை இழுப்பது பெரும்பாலும் காதில் "அடுத்த கார்டு ரெடி இல்லை, கொஞ்சம் ஓட்டுங்க" என்று டாக்பேக் (கட்டுப்பாட்டு அறையிலிருந்து வரும் பேச்சு) வரும்போதுதான். டிவியில் அந்த வெற்றிடத்தை விளம்பரம் நிரப்பும், அதனால் அந்த வரிக்கு அங்கே பொருள் உண்டு. உங்களுக்கு விளம்பரம் இல்லாததால் வெற்றிடம் மட்டும் மிஞ்சுகிறது.

அவர் கையில் ஐந்து நிரப்புக் கார்டு கொடுங்கள். ஒவ்வொன்றும் இருபது செகண்டு ஓட வேண்டும். இரண்டில் தலைப்பு பற்றிய தகவல் இருக்கட்டும். வாடகை என்றால், தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் முன்பணம் பற்றி என்ன சொல்கிறது என்று நீங்கள் சட்டப் பிரதியைப் பார்த்து எழுதிய இரண்டு வரி. இன்னும் இரண்டில் பார்வையாளர் வரிசையில் யாரிடம் என்ன கேட்கலாம் என்பது, இருக்கை எண்ணோடு. கடைசிக் கார்டு வெற்றாக இருக்கட்டும், நிகழ்ச்சி ஓடும்போதே ஒருவர் சொன்ன தொகையையோ தேதியையோ அதில் குறித்துக்கொள்வார். இழுக்க வேண்டிய நேரத்தில் "நீங்க மூணு ஓட்டைன்னு சொன்னீங்க, அவர் சுவர் முழுக்கன்னு சொல்றார். போட்டோ யார்கிட்ட இருக்கு?" என்று அந்தக் கார்டிலிருந்து கேட்டால் நேரமும் போகும், விஷயமும் நகரும்.

விருந்தினருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியது ஒன்றுதான். தடைப்பட்டியல் கொடுத்தால் அவர்கள் அந்தச் சொற்களையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்து தடுமாறுவார்கள். அதற்குப் பதிலாக வரும்போது ஏதாவது ஒரு காகிதம் கொண்டுவரச் சொல்லுங்கள்: வாடகை ஒப்பந்தம், கல்யாண மண்டப ரசீது, டியூஷன் பீஸ் அட்டை. கையில் காகிதம் இருந்தால் கண் அதில் போகும், பேச்சும் அதைப் பிடித்துக்கொள்ளும். கேமராவைப் பார்த்து "மக்கள் பார்த்துக்கிட்டுதான் இருக்காங்க" என்று சொல்லத் தோன்றுவது கை சும்மா இருக்கும்போதுதான். பெயர், முகவரி, கணக்கு எண் இருக்கும் இடங்களை மட்டும் உள்ளே வருமுன் வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்துவிடுங்கள், குளோசப்பில் எல்லாம் தெரியும்.